மூலமும் படியும்: தீவகத் தொல்சான்றுகளின் பாதுகாப்பு

கரம்பொன், வேலணைத் தீவில் ஊர்காவற்றுறையை அடுத்துள்ள கிராமம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்துறை ஊராத்துறை எனப்பட்டது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்க ஆணையிடுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்றும் உடையவனுக்கு. வணிகச் சரக்காயின் சரிபாதி என்பது அதன் விதி. சிங்கள மன்னன் தமிழில் பிறப்பித்த இவ்வாணை ஓரினத்துக்கு மட்டும் உரிய சொத்தன்று; நாடு முழுவதற்கும் பொதுவான வரலாற்றுச் சான்றாகும்.

பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதன் வாசகத்தை ஆராய்ந்து பதிப்பித்தார். இனிக் கல் தேயினும் செய்தி அழியாது. படியின் பயன் இதுவே.

படியற்றவற்றின் கதியை 1981 காட்டிற்று. அவ்வாண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிறவிடங்களில் பிரதியுள்ள அச்சுநூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். வேறு பிரதியில்லா ஏட்டுச்சுவடிகளை எங்ஙனம் பெறுவது?

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டையும் கரம்பொன்னே தந்துள்ளது. அங்கு பிறந்த தனிநாயகம் அடிகள் (1913-1980), 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். ஒரு நூலகத்துள் உறங்கிய நூல் ஆய்வாளர் யாவர்க்கும் உரியதாயிற்று.

சட்டம் மட்டும் இப்பணியை நிறைவேற்றாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லறை வாசகங்கள், கோயிற் கணக்குகள், காணி உறுதிகள், திருச்சபைப் பதிவேடுகள் ஆகியன இவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆயினும், அடிநிலை மக்களின் தொழில், கடன், குடிப்பெயர்ச்சி ஆகியவற்றை அறிய இவையே பெருந்துணை. 1990இன் பின்னர் நேர்ந்த இடப்பெயர்வால் தீவக வீடுகள் பலவற்றில் இத்தகைய ஆவணங்களைப் பேணுவார் இல்லாது போயினர்.

எனவே முதற்கண் வேண்டப்படுவது ஊர்தோறும் ஓர் அட்டவணை. எப்பொருள், எங்குள்ளது, யார் பொறுப்பில் உள்ளது என்பன குறிக்கப்படல் வேண்டும். கல்வெட்டுக்கு மைப்படியும், ஏட்டுக்கு ஒளிப்படமும் எடுத்து, ஒரு பிரதியை ஊரிலும் மற்றொன்றைத் தொலைவிலுள்ள நூலகத்திலும் வைத்தல் நன்று. மூலத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தல் ஆகாது. மாணவர் சிலரும் ஊர்ப் பெரியோரும் கூடினால் இப்பணியை ஒரு விடுமுறைக் காலத்திலேயே தொடங்கிவிடலாம்.