‘எக்ஸ்டர்னல்’ என்னும் ஒரு சொல்

எங்கள் மருந்துச் சீட்டுகளிலும் அறிக்கைகளிலும் ‘எக்ஸ்டர்னல்’ என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி இடம்பெறுகிறது. ‘வெளிப்புறமான’ என்பது அதன் பொருள். ஆயினும் அந்த ‘வெளி’ எதுவரை என்பது இடத்திற்கு இடம் மாறும். காது மடலிலிருந்து செவிப்பறை வரையுள்ள புறச்செவிக்கு இச்சொல்லே பெயர். காதுத் துளை உள்ளே இருப்பதாகத் தோன்றினும் மருத்துவத்தில் அது வெளிதான். வெளிமூலத்திற்கும், முறிந்த எலும்பை நிலைநிறுத்தத் தோலுக்கு வெளியே பொருத்தும் கம்பிச் சட்டத்திற்கும் இதே அடைமொழி உண்டு. பிற கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வருபவரையும் இப்படியே அழைப்பதால், மருத்துவ மாணவர்களுக்கு இச்சொல் சற்று அச்சம் தருவது!

மருந்துப் புட்டியில் மட்டும் இதன் பொருள் மிகக் குறுகியது. வலித் தைலம், களிம்பு, லோஷன், கிருமிநாசினித் திரவம் ஆகியவற்றின்மீது ‘வெளி உபயோகத்திற்கு மட்டும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்கின்றன 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள். இங்கே வெளி என்பது தோல். வாயும் கண்ணும் மூக்கும் வெளியே தெரிந்தாலும் அதில் அடங்கா. புண்பட்ட தோலும் அடங்காது, மருத்துவர் தனியே கூறினாலன்றி.

கம்பைநல்லூர்ப் பகுதியில் வலித் தைலம் இல்லாத வீடு அரிது. அவற்றுள் பலவற்றில் விண்டர்கிரீன் எண்ணெயும் கற்பூரமும் கலந்திருக்கும். கலப்பற்ற விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மி.லி.யில், ஏறத்தாழ 7 கிராம் சாலிசிலேட் உண்டு. 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு அது சமம். சிறு குழந்தையின் உயிருக்கு அந்த ஒரு கரண்டியே ஆபத்து. கற்பூரத்தை விழுங்கினாலோ சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஆகவே தைலத்தையும் லோஷனையும் பழைய இருமல் மருந்துப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெயர்ச்சீட்டு போனால் எச்சரிக்கையும் போய்விடும்.

வெளியே பூசுவது வெளியிலேயே நிற்கும் என்றும் எண்ண வேண்டா. தோல் மருந்தை உறிஞ்சும். குழந்தைகளின் மெல்லிய தோல் மேலும் மிகுதியாக உறிஞ்சும். படர்தாமரைக்கென்று பலர் தாமே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அரிப்பைத் தணித்து நோயைப் பரவவிடுகிறது, தோலையும் மெலிவிக்கிறது. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் விதி திருத்தப்பட்டது இதனால்தான்.

யாரேனும் இவற்றை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புக் கரைசலும் கொடுக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். புட்டியை மறவாமல் உடன் கொண்டு வாருங்கள். அதில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டே எவ்வளவு உட்சென்றிருக்கும் என நாங்கள் கணக்கிடுவோம்.