கணினிக்குள் கணினி – 6: பச்சை ஆமை எதைச் சொல்கிறது?

விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி ஓடும்போது அதன் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் சிறு சின்னங்கள் வரிசையாகத் தெரியும். ப்ராசஸருக்கு உரிய இடத்தில் 'வி' எழுத்துடன் ஒரு சிப் படம் இருந்தால் எல்லாம் சரி. அங்கே பச்சை ஆமை இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் ப்ராசஸரை நேரடியாக ஆளவில்லை, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வேறொரு மென்பொருள் (ஹைப்பர்வைசர்) முன்பே இடம்பிடித்துவிட்டது, அதன் வழியாகத்தான் வேலை நடக்கிறது என்று பொருள். உள்ளே ஓடும் உபுண்டு திணறினால் மெமரி போதவில்லை என்று முடிவுகட்டி 4 ஜிபியை 8 ஆக்குபவர்கள் ஏராளம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ப்ராசஸர் இப்போது யார் கையில் இருக்கிறது?

இன்டெல் வகை ப்ராசஸர்களின் பழைய அமைப்பில் இதற்கான வேர் இருக்கிறது. மெய்நிகராக்கத்துக்கு ஏற்ற ப்ராசஸர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் 1974-இல் வரையறுத்தார்கள். கணினியின் நிலையை மாற்றும் கட்டளை எதையும் அதிகாரமில்லாத நிரல் கொடுத்தால், ப்ராசஸர் அங்கேயே நின்று கட்டுப்பாட்டை மேலே ஒப்படைக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸர்களில் 'பாப்எஃப்' போன்ற சில கட்டளைகள் அப்படி நடந்துகொள்ளவில்லை. அதிகாரமில்லாத நிரல் அதைக் கொண்டு இன்டரப்டை நிறுத்த முயன்றால் இன்டரப்ட் நிற்காது, பிழையும் வராது. மேற்பார்வை செய்யும் மென்பொருளுக்கு நடந்ததே தெரியாது. 1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003-இல் வெளிவந்த ஸென், உள்ளே ஓடும் இயங்குதளத்தையே திருத்தும் வழியை எடுத்துக்கொண்டது. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் சிப்பிலேயே வைத்துக் கொடுத்தன. 2007-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த கேவிஎம் அந்த வசதியை நம்பியே எழுதப்பட்டது. ஆனால் அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஹைப்பர்வைசர்தான் நேரடியாக ஆள முடியும்.

விண்டோஸில் பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ஹைப்பர்-வி. அது இயங்கத் தொடங்கினால் விண்டோஸே அதன் மேல் ஓடும் இன்னொரு கணினியாகிவிடும். ஹைப்பர்-வியைத் தான் நிறுவவே இல்லையே என்று பயனர் சொல்லலாம். லினக்ஸ் கட்டளைகளுக்காகப் போட்ட டபிள்யூஎஸ்எல் 2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், பாதுகாப்பு அமைப்பில் 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' என எது இயங்கினாலும் அடியில் ஹைப்பர்வைசர் வந்துவிடும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் ஜன்னலைத் திறந்து கடைசி வரிகளைப் பார்த்தால், ஹைப்பர்வைசர் ஒன்று கண்டறியப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கும். முன்பெல்லாம் இந்த நிலையில் விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் ஓடவே மறுத்தன. 2018 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.0-உம், 2020-இல் வந்த வொர்க்ஸ்டேஷன் 15.5.5-உம் ஹைப்பர்-வியின் மேலேயே ஓடப் பழகிக்கொண்டன. ஓடும், ஆனால் வேகம் குறையும். வேகத்துக்காக மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கும் யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அலுவலக மடிக்கணினியில் அதைச் செய்யவே கூடாது. கெர்னலுக்குள் நஞ்சு நிரல் நுழைவதைத் தடுக்கும் அரண் அது. விண்டோஸ் ப்ரோ பதிப்பு இருந்தால் மெய்நிகர் கணினியை ஹைப்பர்-வியிலேயே ஓட்டுவது நல்லது.

லினக்ஸிலும் இதே தகராறு உண்டு. 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னல் முதல், கேவிஎம் மாட்யூல் ஏறிய உடனேயே சிப் வசதியைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் விர்ச்சுவல்பாக்ஸ் கிளம்பாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம்; அப்படியானால், கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் பழையபடி ஓடும்.

சிப் வசதி பயாஸிலேயே அணைந்திருப்பதும் உண்டு. டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரிக்கு எதிரே அது தெரியும். ஏஎம்டி பலகைகளில் இதை 'எஸ்விஎம் மோடு' என்ற பெயரில் தேட வேண்டும்.

நெட்வொர்க் கோளாறுகளில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். விர்ச்சுவல்பாக்ஸின் வழக்கமான 'நாட்' முறையில் உள்ளே இருக்கும் கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். இணையம் வரும், வீட்டிலுள்ள மற்றக் கணினிகளால் அதை நேரடியாக எட்ட முடியாது. 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றினால் எட்டலாம். கேபிளில் இது சிக்கலின்றி நடக்கும். வைஃபையிலோ, இணைந்திருக்கும் கருவியின் மேக் முகவரியைத் தவிர வேறு முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை ரவுட்டர் பொதுவாக ஏற்காது. அதனால் மென்பொருள் முகவரியை மாற்றி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது; சில ரவுட்டர்களில் அது பலிப்பதில்லை.

சர்வரில் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ போன்ற ஹைப்பர்வைசர் முதலிலிருந்தே வன்பொருளின் மேல் தனியாக அமர்ந்திருப்பதால், ப்ராசஸர் யார் கையில் என்ற சண்டை இல்லை. அங்கே தொல்லை பங்கீட்டில் வருகிறது. 16 கோர் உள்ள சர்வரில் 8 கோர் கேட்கும் மெய்நிகர் கணினிகள் ஐந்தாறு ஓடினால், ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருக்கும். வேலை இருந்தும் கோர் கிடைக்காமல் காத்திருந்த இந்த நேரத்தை விஎம்வேர் 'ரெடி' என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. 20 நொடிக்கு ஒருமுறை பதியும் வரைபடத்தில் 1000 மில்லிசெகண்ட் என்றால், ஒரு கோருக்கு 5 சதவீதம். கேவிஎம்மில் உள்ளே இருக்கும் லினக்ஸின் 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண் இதையே சொல்லும். இந்த எண் ஏறியிருக்கும்போது கூடுதல் கோர் கொடுத்தால் நெரிசல் மேலும் கூடும். 8 கோர் வாங்கி இரண்டை மட்டுமே பயன்படுத்தும் கணினிகளைக் கண்டுபிடித்துக் குறைப்பதுதான் மருந்து. கேட்டவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். குறைத்துக் காட்டினால் நம்புவார்கள்.

இன்னொரு பழைய எதிரி ஸ்னாப்ஷாட். அதை எடுத்த கணத்திலிருந்து எல்லா மாற்றங்களும் தனிக் கோப்பில் சேரும். அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. அப்டேட் போடுமுன் எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட் டிஸ்க்கை நிரப்பி, அதே டிஸ்க்கில் உள்ள மற்றக் கணினிகளையும் நிறுத்திவிடும்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று சந்தா முறை வந்தது. வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசம் என்பதால், மேசைக் கணினியில் அது விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேர் போட்டி. முப்பரிமாண கிராபிக்ஸில் வொர்க்ஸ்டேஷனின் கை ஓங்கியே இருக்கிறது. சர்வர் பக்கத்தில் சிறு நிறுவனங்கள் பல, டெபியனையும் கேவிஎம்மையும் கொண்டு வியன்னாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸைப் பார்க்கத் தொடங்கின.

அப்படி மாறும்போது விண்டோஸ் சர்வர்கள் ஒரே இடத்தில் இடறுகின்றன. கோப்பை மாற்றி, டிஸ்க்கை வேகமான 'விர்ட்டைஓ' வகைக்கு அமைத்து ஓடவிட்டால், பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வரும். விண்டோஸில் அந்த டிரைவர் இல்லாததே காரணம். முதலில் சாட்டா வகையில் பூட் செய்து, 1 ஜிபி அளவில் வெற்று விர்ட்டைஓ டிஸ்க் ஒன்றை இணைத்து, டிரைவரைப் போட வேண்டும். பிறகு கணினியை நிறுத்தி பூட் டிஸ்க்கை விர்ட்டைஓவுக்கு மாற்றினால் நீலத்திரை வராது. நெட்வொர்க் கார்டும் புதிதாகத் தெரியும் என்பதால், கையால் கொடுத்திருந்த ஐபி முகவரியை மாற்றத்துக்கு முன்பே குறித்துவைக்க வேண்டும். விஎம்வேர் டூல்ஸையும் பழைய இடத்திலேயே நீக்கிவிட வேண்டும். வெளியே வந்தபின் அதன் நீக்கும் நிரல், தான் விஎம்வேரில் இல்லை என்று சொல்லி வேலைசெய்ய மறுத்துவிடும்.