உங்களுக்குத் தெரியுமா? விரல் நுனியில் ஓர் அண்ணன்

2013இல் வெளிவந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ வீடியோ கேமில் பாத்திரங்கள் பேசுவது யாருக்கும் புரியாத கற்பனை மொழி. ஆனாலும் இந்த கேம் பலரை அழவைத்தது. இயக்கியவர் ஸ்வீடனின் திரைப்பட இயக்குநர் யோசெப் ஃபாரெஸ். கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. இருவரையும் நாமே நடத்த வேண்டும். தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீரென்றால் நடுக்கம். அண்ணன் முதுகைப் பற்றியே நீரைக் கடப்பான். (முடிவைச் சொல்லாமல், பலரை அழவைத்த காட்சியை விளக்க வழியில்லை.) அண்ணன் இறந்தபின், தனியே நீந்த வேண்டிய தம்பி தயங்கி நிற்கிறான். அதுவரை ஓய்ந்து கிடந்த அண்ணனின் பொத்தானை அழுத்தினால்தான் நீரில் இறங்குகிறான்! விமர்சகர்கள் நெகிழ்ந்து பாராட்டிய கணம் இது. புரியும் வசனமே இல்லாமல், இழப்பை விரலால் உணரவைத்த இடம். 2014இல் புதுமைக்கான பாஃப்டா விருதும் இந்த கேமைத் தேடி வந்தது.