தொங்கும்போது இறுக்காதீர்கள்

"பின்னாடி என்னமோ கடகடங்குதுடா" என்று அம்மா பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடிக்கிற என் காதில் அது விழவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது சக்கரத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்து முதுகில் இடித்தது.

இத்தனைக்கும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் ஒரு பட்டறையில் மாற்றி 14 மாதம்தான் ஆகியிருந்தது. கழற்றி, வராந்தாவில் செய்தித்தாள் விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவில்லை. போயிருந்தது அடிப்பக்க வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ். நடுவிலுள்ள இரும்புக் குழாயை விட்டுப் பிறை வடிவில் பிய்ந்து, விரல் நுனி நுழையுமளவு வாய் பிளந்திருந்தது.

அந்தப் புஷ்ஷில் ரப்பர் வெறுமனே செருகப்பட்டிருப்பதில்லை. உள்ளே இருக்கும் குழாயோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன்பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பவேண்டும். பட்டறையில் கார் மேலே தூக்கியிருக்கும், சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், கார் தரையில் நின்றவுடனே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது அதற்கு மேலும் முறுக்கு. எத்தனை நாள் தாங்கும்? என் காரில் நடந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலைக்குக் கூலி வாங்கிய கை இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

புஷ் தனியாகக் கிடைக்கவில்லை. புது ஜோடி வாங்கி நானே மாட்டினேன். பயப்படும் வேலை அல்ல இது. ஸ்விஃப்ட், ஐ10, போலோ போன்ற கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் முறுகிக்கொடுக்கும் ஒரே உத்திரம் இணைக்கிறது. 1974-இல் வந்த முதல் கோல்ஃப் காரிலும் இதே ஏற்பாடுதான். பாரம் சுமப்பது காயில் ஸ்பிரிங். அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர்; உள்ளே எண்ணெயைச் சிறு துளைகளில் பிதுக்கி, குதிப்பைச் சூடாக மாற்றிவிடுகிறது. என் காரில் இரண்டும் பின்னால் தனித்தனியாக இருப்பதால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டியதில்லை. முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து இறுகியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும், வீட்டில் தொடவேண்டாம்.

கழற்றுவதற்கு முதல் நாள் இரவே போல்ட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். காலையில் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன். ஹேண்ட் பிரேக்கை நம்பக்கூடாது. அது பிடிப்பது பின்சக்கரங்களை, அவையோ அந்தரத்தில் இருக்கும். காரைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு இரண்டு கட்டாயம் வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம், சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

கழற்றுமுன் இன்னொரு ஜாக்கியால் உத்திரத்தைத் தாங்கிக்கொள்ளவேண்டும். அது ஒரு அளவுக்கு மேல் தொங்காமல் இழுத்துப் பிடித்திருப்பதே ஷாக் அப்சார்பர்தான். தாங்காமல் போல்ட்டை உருவினால் உத்திரம் விழுந்து பிரேக் ஹோஸை இழுத்துவிடும். ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றியிருந்த பம்ப் ஸ்டாப் என்ற முட்டுத் திண்டு கைபட்டதும் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. அதையும் மாற்றினேன். புது ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி இழுத்து, உள்ளே சிக்கிய காற்றை எடுத்துவிட்டு மாட்டினேன். பளபளப்பான தண்டில் பிளையர் வைத்துவிடாதீர்கள்; ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

அடிப்பக்க போல்ட்டைக் கையால் மட்டும் திருகி நிறுத்தினேன். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றினேன். ஸ்டாண்டின் தலைக்கும் காருக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி தெரிந்தது. அதாவது அந்தப் பக்க எடை முழுவதும் இப்போது ஸ்பிரிங்கின் மேல். சாலையில் நிற்கும்போது இருக்கும் அதே நிலை. அப்போதுதான் டார்க் ரெஞ்ச் வைத்து, என் காரின் சர்வீஸ் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கினேன். வலது பக்கமும் அப்படியே.

எங்கள் தெரு வேகத்தடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர்தான் உயரவேண்டும். இதுவோ ஒரு முழ அகலத்தில் கூரை முகடு மாதிரி நிற்கிறது. அதன்மேல் தினமும் ஏறி இறங்கி ஒரு மழைக்காலமும் முடிந்தபின், போன வாரம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் குழாயைச் சுற்றி முழு வட்டமாக ஒட்டியிருக்கிறது.