நெடுவழித் துவிச்சக்கரவண்டியும் உடற்பொருத்தமும்

பொறியை இயக்குவோன் மனிதனாதலின், பொறியே அவனுக்கு இசைந்து அமைதல் வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது திரையத்லன் எனப்படும் முத்திறப் பந்தயமாகும். 1978ஆம் ஆண்டு ஹவாயின் ஒவாகு தீவிலே நிகழ்ந்த முதலாவது நெடும்பந்தயத்தில், 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் வண்டியோட்டி, அதன்பின் 42 கிலோமீற்றர் ஓடவேண்டியிருந்தது. புறப்பட்டோர் பதினைவர், முடித்தோர் பன்னிருவர். வண்டியில் ஐந்தாறு மணி நேரம் வருந்தி முதுகு விறைத்து இறங்குவோன், ஆங்குப் பெற்ற சில நிமிடங்களை ஓட்டத்திலே பன்மடங்காக இழப்பான். ஆதலின் இப்பந்தயத்தில் உடலமைதி என்பது சொகுசன்று. வேகத்தின் ஒரு கூறேயாம்.

சமதரையில் விரைவோனுக்குப் பெருந்தடையாவது காற்று. வேகம் இருமடங்காயின் காற்றின் தடை நான்மடங்காகும். அதனை வெல்ல எண்மடங்கு வலு வேண்டும். அத்தடையின் பெரும்பகுதிக்கு ஏதுவாவது ஓட்டுவோன் உடலே. எனவே முழங்கைகளைத் தாங்கிகளில் ஊன்றி உடலைத் தாழ்த்தும் கைபிடிகள் தோன்றின. 1989இல் கிறெக் லெமொண்ட் இத்தகைய கைபிடியுடன் இறுதிநாட் பந்தயத்தை ஓட்டி, பிரான்சிய நெடுஞ்சுற்றை எட்டு விநாடியால் வென்றமை உலகறிந்தது.

எனினும் உடலைத் தாழ்த்தினால் மட்டும் போதாது. ஆசனம் பின்னேயிருக்க முதுகை வளைப்பின், தொடை வயிற்றை நெருக்கும், மூச்சுத் தடைப்படும். 1980களின் இறுதியில் டான் எம்ஃபீல்ட் என்பார் ஆசனத்தை முன்னே நகர்த்தி இதற்குத் தீர்வு கண்டார். சாதாரணப் பந்தய வண்டியில் ஏறத்தாழ 73 பாகையாக இருக்கும் ஆசனக்குழாயின் சாய்வு, முத்திறப் பந்தய வண்டியில் 78 பாகையை அண்டி நிமிர்ந்தது. மிதிகள் சுழலும் அச்சை மையமாகக் கொண்டு உடல் முழுவதும் முன்னோக்கித் திரும்பியதேயன்றி, இடுப்பு மடியவில்லை.

வண்டியைத் திருத்துவோர் முதலில் ஆசனத்தின் உயரத்தை நோக்குதல் நன்று. மிதி கீழ்நிலையடையும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருத்தல் பொருத்தமானது. ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் அசையும். ஆசனத்தை முன்னே நகர்த்தும்போது மிதிக்கும் அதற்குமுள்ள தூரம் குறைதலின், அதனைச் சிறிது உயர்த்துதலும் வேண்டும். உடற்பாரம் ஆசன நுனியிலே தங்கி மரத்துப்போகுமாயின், நுனி பிளந்த ஆசனம் உதவும். மேற்கை, உடலுக்கு ஏறத்தாழச் செங்கோணமாக நின்றால் பாரத்தை எலும்பு தாங்கும். தாங்கிகள் மிகத் தொலைவில் இருந்தால் தோட்டசைகள் தாங்கிச் சோரும். கழுத்து நோகுமாயின் தாங்கிகளை உயர்த்துதல் தகும்.

இவற்றுள் ஒருமுறைக்கு ஒன்றையே, அதுவும் சில மில்லிமீற்றர் அளவே மாற்றுதல் அறிவுடைமை. பலவற்றை ஒருங்கே மாற்றின் நன்மை தீமைகளின் காரணம் புலப்படாது. ஐந்து நிமிட இருக்கை ஐந்து மணி நேரத்துக்குச் சான்றாகாதாதலின், ஒவ்வொரு மாற்றத்தையும் நெடுவழியிலேயே சோதித்தல் வேண்டும். மிகத் தாழ்ந்து, நோவு பொறாது அடிக்கடி நிமிர்வோனைவிட, சற்றே உயர்ந்து இறுதிவரை அந்நிலையில் நிலைப்பவன் காற்றுக்குக் குறைவாகவே இடங்கொடுப்பான். தாங்கக்கூடிய நிலையே விரைவான நிலையாம்.