ஐரோப்பாவுக்குத் தொழில் பயணமா? விசா ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

திருப்பூரிலிருந்து பனியன் சாம்பிளோடு ஜெர்மனிக்குப் போகிறீர்கள். அல்லது கோவையிலிருந்து பம்ப் ஆர்டர் பேச இத்தாலிக்கு. ஒரு வார வேலைதான். அதற்கு வேண்டியது ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால அனுமதி).

எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும்? ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும்கூட உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் கிடையாது. அவற்றுக்குத் தனி விசா.

இரண்டு மூன்று நாடுகளுக்குப் போகிறேன், எங்கே விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டில். எல்லாவற்றிலும் சமமாகத் தங்கினால், முதலில் இறங்கும் நாட்டில். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறு நாட்டில் போடாதீர்கள். ஓட்டல் புக்கிங் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிசினஸ் விசாவில் என்னென்ன செய்யலாம்? கூட்டத்துக்குப் போகலாம், கண்காட்சியைப் பார்க்கலாம், விலை பேசலாம், ஆர்டர் பிடிக்கலாம். அங்குள்ள கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. நீங்கள் விற்ற மெஷினைப் பொருத்தித் தரவோ பழுது பார்க்கவோ போனால்? அதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. சில இடங்களில் வேலை அனுமதி தேவைப்படும். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எப்போது போடுவது, எவ்வளவு ஆகும்? பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து போடலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள்வரை ஆகலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பி வராது.

என்ன காகிதங்கள் வேண்டும்? அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதம்தான் முக்கியம். யார் அழைக்கிறார், எதற்கு, எந்தத் தேதிகளில், செலவு யாருடையது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கூடவே உங்கள் கம்பெனிக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

விசா வந்துவிட்டது, இனி கவலை இல்லையே? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்டிக்கரில் மூன்று இடங்களைப் பாருங்கள். மார்ச் 1 முதல் ஏப்ரல் 4 வரை என்று தேதிகள், நாட்கள் 20, நுழைவு 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

தேதிகள் 35 நாள் காட்டுகின்றனவே, அவ்வளவு நாள் தங்கலாமா? கூடாது. அந்த 35 நாளுக்குள் ஏதாவது 20 நாள், அவ்வளவுதான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ராத்திரி 11.30க்கு பிராங்பர்ட்டில் இறங்கினாலும் அன்று ஒரு முழு நாள் போயிற்று.

நுழைவு 1 என்றால்? ஒரே ஒரு முறை உள்ளே போகலாம். நடுவில் லண்டனுக்கு ஒரு நாள் போனீர்களா, திரும்ப பாரிசுக்குள் நுழைய முடியாது. 20 நாளில் பாதி மீதமிருந்தாலும் சரி. லண்டன் வேலையைக் கடைசியில் வையுங்கள். அல்லது பலமுறை நுழைவுக்குக் காரணம் சொல்லி விண்ணப்பியுங்கள்.

இரண்டு வருட விசா கிடைத்தால் விருப்பம்போல் இருக்கலாமா? முடியாது. நீங்கள் அங்கே இருக்கும் எந்த நாளிலிருந்தும் 180 நாள் பின்னோக்கி எண்ணினால், தங்கிய நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. புது வருடம் பிறந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தொடர்ந்து 90 நாள் இருந்தவர், லீப் வருடமாக இல்லாவிட்டால், ஜூன் 30 அன்றுதான் மறுபடி நுழையலாம்.

ஓரிரு நாள் கூடினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் கைரேகையையும் முகப்படத்தையும் கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். நாள் கணக்கை அதுவே போட்டுவிடும். கூடுதலாகத் தங்கியவருக்கு அபராதமோ நுழைவுத் தடையோ வரலாம்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடும் செய்யலாம். குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கவும் தடையில்லை. பழைய மறுப்பை மட்டும் மறைக்காதீர்கள்.

ஒழுங்காகப் போய்வந்தால் லாபம் உண்டா? உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று வந்த விதிப்படி, 3 ஆண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர் இரண்டு வருட விசாவுக்குத் தகுதி பெறுகிறார். அதற்கடுத்து ஐந்து வருட விசா. பாஸ்போர்ட்டிலும் அத்தனை காலம் மீதமிருக்க வேண்டும். புதிது எடுத்தாலும் காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள விசாக்கள்தான் உங்களுக்குச் சாட்சி.