விக்கியின் தன்னார்வக் காவலர்கள்

கெடா மாநிலத்திலுள்ள கூலிம் ஹைடெக் பூங்கா, 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா அதுவே. அங்குப் பணிபுரியும் இளைஞர் ஒருவர், தம் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுதலாம், பிறர் எழுதியதையும் திருத்தலாம்.

ஆனால், கதவு திறந்திருந்தால் குறும்பர்களும் நுழைவார்கள். கட்டுரையை அழிப்பார்கள், வசைச் சொற்களைச் சேர்ப்பார்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017ஆம் ஆண்டில் 100,000 கட்டுரைகளைத் தாண்டியது. இவ்வளவு பெரிய களஞ்சியத்தைக் காக்கும் தன்னார்வலர்களை ‘நிருவாகிகள்’ என்பர். பக்கங்களை நீக்கவும், பூட்டி வைக்கவும், தொல்லை தருபவரைத் தடை செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது.

நிருவாகியாவதற்குப் பட்டமோ சான்றிதழோ தேவையில்லை. ஒருவரின் பெயர் முன்மொழியப்பட்டதும், மற்றப் பயனர்கள் காரணம் கூறி ஆதரிப்பார்கள் அல்லது எதிர்ப்பார்கள். அவர் இதுவரை செய்த திருத்தங்கள் அனைத்தும் பதிவாகியிருப்பதால் எதையும் மறைக்க முடியாது. எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்பதைவிட, கருத்து மோதலின்போது எப்படிப் பேசினார் என்பதே முக்கியம். பொதுவான சிக்கல்களைப் பயனர்கள் கூடிப் பேசும் பக்கத்தின் பெயரும் அழகானது: ஆலமரத்தடி.

குறும்பரைக் கண்டுபிடிப்பது எளிது. அறியாமல் தவறு செய்யும் புதியவரை அடையாளம் காண்பதுதான் கடினம். அவசரப்பட்டுத் தடை செய்தால் அவர் திரும்பி வரவே மாட்டார். சொல் வழக்கும் இடத்துக்கு இடம் வேறுபடும். ‘தோட்டம்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்குப் பூச்செடிகளும் காய்கறிகளும் நினைவுக்கு வரும். மலேசியருக்கோ இரப்பர் மரங்களும் செம்பனையும், லயத்து வீடுகளும் தமிழ்ப்பள்ளியும் கண்முன் நிற்கும். இலங்கை மலையகத்தாருக்கு அது தேயிலைத் தோட்டம். ஆகவே, பல நாடுகளின் வழக்கை அறிந்தவர்கள் காவலர்களாக இருப்பது நல்லது.

நிருவாகியும் தவறு செய்யலாம். அவருடைய ஒவ்வொரு செயலும் பதிவேட்டில் இடம்பெறும். மற்றொரு நிருவாகி அதை மாற்றலாம். தடை செய்யப்பட்டவர் மறுபரிசீலனை கோரலாம்.

கூலிம் இளைஞரின் கட்டுரைக்குச் சான்று இல்லையென்றால், பொறுமையான நிருவாகி அதை உடனே நீக்கமாட்டார். “இத்தோட்டத்தைப் பற்றி நூலிலோ நாளிதழிலோ செய்தி வந்துள்ளதா?” என்று முதலில் கேட்பார். பாட்டியின் நினைவு மட்டும் அங்குச் சான்றாகாது. இளைஞர் நூலகத்துக்குச் சென்று பழைய நாளிதழ்களைப் புரட்ட வேண்டியிருக்கும்.